தொடர் நாயகன் யாரு? கூட்டல் சரி, எண்ணினது தப்பு

ஆரணியிலிருந்து பேசுறேன். பின்னாடி தறிச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, பக்கத்து வீட்டுல பாவை முடிக்கணும்னு ராத்திரியும் நெய்றாங்க.

ஒரு சீசன் முடிஞ்சதும் விருதை யாருக்குக் கொடுக்கணும்? இதுல நானே ஒரு தப்பு பண்ணியிருக்கேன். அதுலயே ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர்ல ஒரு டென்னிஸ் பால் டோர்னமென்ட். "நீதான் சாஃப்ட்வேர்ல இருக்கியே, தொடர் நாயகனை நீயே கணக்குப் போட்டுச் சொல்லு"ன்னு பசங்க என்கிட்ட விட்டுட்டாங்க. பரிசு ஒரு சைக்கிள். நான் ஐபிஎல்லோட எம்விபி கணக்கை அப்படியே எடுத்து கூகுள் ஷீட்ல போட்டேன். ஃபோருக்கு 2.5 புள்ளி, சிக்ஸருக்கு 3.5, விக்கெட்டுக்கு 3.5, டாட் பாலுக்கு 1, கேட்சுக்கும் ஸ்டம்பிங்குக்கும் 2.5.

இதை ஒரு தடவை நிதானமா பாருங்க. ஒரு சிக்ஸரும் ஒரு விக்கெட்டும் ஒரே விலை. ஓடி எடுத்த சிங்கிளுக்கு ஒண்ணும் கிடையாது. பவுலர் 20 ரன் கொடுத்தாலும் 50 ரன் கொடுத்தாலும் கழிவு கிடையாது.

ஷீட்ல முதல்ல வந்தது ஒரு காலேஜ் பையன். மைதானத்துல ஒரு பக்கம் பவுண்டரி சின்னது, அந்தப் பக்கமே தூக்கித் தூக்கி அடிச்சான். ரெண்டாவது எங்க தெரு அண்ணன் ஒருத்தர், பட்டு நெசவாளி. ஃபைனல்ல கடைசி ஓவருக்கு 8 ரன் வேணும், அவர் கொடுத்தது 3. மூணு நாள் தறியை நிறுத்திட்டு ஆட வந்தவர். தறி ஓடலைன்னா அன்னைக்குக் கூலி இல்லை. சைக்கிள் பையனுக்குப் போச்சு.

மறுநாள் பார்த்தப்போ அண்ணன் கோபப்படல. சிரிச்சுக்கிட்டே, "ஜரிகையை மட்டும் பார்த்துட்டு புடவை நல்லாருக்குன்னு சொல்லிட்ட தம்பி. உடலை யாரு பார்க்கிறது?"ன்னார். அன்னைக்கு ராத்திரி ஷீட்டைத் திரும்பத் திறந்தேன். கூட்டல்ல ஒரு தப்பும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்திச்சு.

இது நம்ம தெருக் கதை மட்டும் இல்லை. ஐபிஎல் 2024-ல பர்ப்பிள் கேப் ஹர்ஷல் படேலுக்கு. 24 விக்கெட், ஓவருக்கு 9.73 ரன். பும்ரா 13 மேட்ச்ல 20 விக்கெட், ஓவருக்கு 6.48 ரன்தான். வித்தியாசம் ஓவருக்கு 3.25. நாலு ஓவருக்கு 13 ரன். டி20-ல 13 ரன் எத்தனை மேட்சை மாத்தும்னு உங்களுக்கே தெரியும். ஹர்ஷல் மேல தப்பே இல்லை. அந்தத் தொப்பி "அதிக விக்கெட்"னு மட்டும்தான் சொல்லுது. அதை "சிறந்த பவுலர்"னு படிக்கிறது நாமதான்.

2025-ல நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன் 759 ரன் அடிச்சு ஆரஞ்சு கேப் வாங்கினார். எம்விபி சூர்யகுமாருக்கு, 717 ரன். சாய் ஆடினது 15 மேட்ச், சூர்யா 16. பிளே-ஆஃப் மேட்சுகளும் கணக்குல சேரும். அதனால டீம் முன்னாடி போகப் போக புள்ளி சேர்க்க வாய்ப்பும் கூடும். அதுக்காக அட்டவணை எப்பவும் தப்புன்னு சொல்லல. 2024-ல 488 ரன், 17 விக்கெட் எடுத்த நரைனுக்கு எம்விபி கொடுத்ததை யார் குறை சொல்ல முடியும்?

அமெரிக்க பேஸ்பாலும் இதே சிக்கலைப் பார்த்திருக்கு. அங்க சிறந்த பந்துவீச்சாளருக்கு சை யங் விருது. பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க, அதுவும் பிளே-ஆஃப் தொடங்குறதுக்கு முன்னாடியே. 1990-ல 27 வெற்றி வச்சிருந்த பாப் வெல்ச்சுக்குக் கொடுத்தாங்க. 9 இன்னிங்ஸுக்கு சராசரியா அவர் விட்டது 2.95 ரன். ரோஜர் கிளெமென்ஸ் விட்டது 1.93 மட்டும், ஆனா வெற்றி 21. பந்து போடுறவர் எவ்வளவு நல்லா போட்டாலும், சக வீரர்கள் ரன் அடிக்கலைன்னா அவர் பேர்ல வெற்றி ஏறாது. இது புரிய நாளாச்சு. 2018-ல வெறும் 10 வெற்றி, 9 தோல்வி வச்சிருந்த ஜேக்கப் டிகிராமுக்கு 30 பேர்ல 29 பேர் முதலிடம் கொடுத்தாங்க. அவர் விட்டது 1.70 ரன். விளையாட்டு மாறல, எதை எண்ணணும்ங்கிற புத்தி மாறிச்சு.

அடுத்த டோர்னமென்ட்டுக்கு நாங்க மூணு விஷயம் மாத்தினோம். ஒண்ணு, விருது எதுக்குன்னு முதல்லயே ஒரு வரியில எழுதி ஒட்டினோம்: "டீமை அதிகமா ஜெயிக்க வச்சவர்." ரெண்டு, அந்த மேட்ச்சோட சராசரி ஓவரை விட பவுலர் எவ்வளவு மிச்சம் பண்ணார்னு பார்த்தோம். பேட்ஸ்மேனுக்கு சிங்கிளும் சேர்த்தி. மூணு, ஷீட் மூணு பேரைத்தான் சொல்லும். அதுல ஒருத்தரை அம்பயர்களும் கேப்டன்களும் ஓட்டுப் போட்டு எடுக்கணும், சொந்த டீமுக்கு ஓட்டு கிடையாது. யார் யாருக்குப் போட்டாங்கன்னு எல்லார் முன்னாடியும் படிக்கணும்.

சண்டை வரலையான்னா, வந்துச்சு. ஆனா இந்தத் தடவை சண்டை ஆட்டத்தைப் பத்தி வந்துச்சு, என் ஷீட்டைப் பத்தி இல்லை. விருது அண்ணனுக்கும் போகல, ஒரு விக்கெட் கீப்பர் பையனுக்குப் போச்சு. அண்ணன் போட்ட ஓட்டும் அவனுக்குத்தான்.

2024 பர்ப்பிள் கேப்பை ஓட்டுப் போட்டுக் கொடுத்திருந்தா உங்க ஓட்டு யாருக்கு? காரணத்தோட எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.