“கூடுதல் ரயில்” உங்களுக்கும் கூடுதலா?



“புறநகர் ரயில் பயணிகளுக்கு மகிழ்ச்சிச் செய்தி, கூடுதலாக 8 சேவைகள்!” இந்த மாதிரி ஒரு செய்தி உங்க போனுக்கு எப்போதாவது வந்திருக்கும். படிச்ச உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பீங்க. நானும் அப்படித்தான்.

ஒரு தடவை, இரவு நேரக் கூடுதல் ரயில் பற்றி வந்த ஒரு படத்தை நம்பி அலுவலகத்திலிருந்து தாமதமாகக் கிளம்பினேன். நடைமேடையில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, அது பண்டிகைக்காக ஒரே ஒரு நாள் விட்ட ரயில். படம் உண்மைதான், ஆனால் அதில் தேதி இருந்த மேல்பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். மூன்று பேரும் காசு போட்டு ஆட்டோ பிடித்தோம். அன்றைக்குச் செலவான பணத்தில் பல நாள் ரயிலில் போய் வந்திருக்கலாம். அறிவிப்பு எழுதுவதே என் வேலை; படிக்கிறதில் நானே ஏமாந்தேன். அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். ரயில்வே கணக்கில் ஒரு திசையில் ஒரு ஓட்டம் என்றால் அது ஒரு சேவை. போவது ஒன்று, திரும்புவது ஒன்று. ஆக 8 சேவை என்றால், உங்க பக்கம் வருவது பெரும்பாலும் 4 தான். அந்த நான்கும் காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நடுவில் ஓடினால், காலை 6 மணிக்கு வீடு துடைக்கக் கிளம்பும் அக்காவுக்கோ, இரவு 10 மணிக்குக் கடை அடைத்துத் திரும்பும் தம்பிக்கோ அதில் ஒன்றும் இல்லை.

அடுத்தது, எங்கிருந்து எதுவரை? கடற்கரை – தாம்பரம் இடையே ரயில் கூடினால் பல்லாவரத்துக்காரர்களுக்கு நல்லது. ஆனால் கூடுவாஞ்சேரியிலோ மறைமலைநகரிலோ இருப்பவர்களுக்குச் செங்கல்பட்டு வரை போகும் ரயில் கூடினால்தான் கூடுதல். செய்தித் தலைப்பில் “சென்னைப் புறநகர்” என்று மட்டும் இருந்தால், உள்ளே போய் முனையத்தின் பெயரைப் பாருங்க.

மூன்றாவது, புதிய ரயிலா, மாற்று ரயிலா? 2025 ஏப்ரல் 19-ல் கடற்கரை – செங்கல்பட்டு தடத்தில் குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. வசதியான ரயில்தான். ஆனால் சாதாரண ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், இதில் 35 ரூபாய். சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏற முடியாது. ஆகவே இப்படி ஒரு சேவை அறிவித்தால், அது ஏற்கெனவே ஓடும் சாதாரண ரயிலுக்கு மேல் வருகிறதா, அதன் நேரத்தை எடுத்துக்கொண்டு வருகிறதா என்று கேட்க வேண்டும். இதற்கு நேர் எதிராக, 9 பெட்டி ரயில் 12 பெட்டியாக மாறினால் சேவை எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடாது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு இடம் கூடும். பல நேரம் இதுதான் பெரிய செய்தி, தலைப்பில் வராமல் போகும்.

நான்காவது, எந்த நாளில், எதுவரை? ஞாயிறு அட்டவணை தனி. சில அரசு விடுமுறை நாட்களிலும் ஞாயிறு அட்டவணையே ஓடும். நள்ளிரவு ரயிலில் இன்னும் கவனம் வேண்டும். நாம் “சனிக்கிழமை ராத்திரி” என்று சொல்லும் 12.05 மணி ரயில், ரயில்வே கணக்கில் ஞாயிறு 00.05. தேதி மாறிவிடும்.

முடியும் தேதி போட்டிருந்தாலும் மறுபடி சரிபாருங்க. நான்காவது ரயில் பாதைப் பணிக்காகக் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்ட் 27-ல் நிறுத்தினார்கள். முதலில் சொன்னது 7 மாதம். மீண்டும் ஓடியது 2024 அக்டோபர் 29-ல், அதாவது 14 மாதம் கழித்து. பழைய அறிவிப்பை மட்டும் நம்பியவர்கள் திட்டம் போட்டது வீணாயிற்று.

எங்கே சரிபார்ப்பது? தெற்கு ரயில்வேயின் செய்திக்குறிப்பு, அதன் அதிகாரப்பூர்வ சமூக ஊடகப் பக்கம், நிலைய அறிவிப்புப் பலகை, 139 உதவி எண். ஐந்து இலக்க ரயில் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் தேடுவது சுலபம். சென்னைப் புறநகர் ரயில்களின் எண் 4-ல் தொடங்கும். டிக்கெட்டுக்கு, 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. அந்தக் குளிர்சாதன ரயிலின் நேரம், ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே பயணிகள் சொன்ன கருத்தை வைத்து மாற்றப்பட்டது. ஆக, சொன்னால் கேட்கிறார்கள். ஆனால் “ரயில் விடுங்க” என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த நிலையம், எந்தத் திசை, எத்தனை மணிக்கும் எத்தனை மணிக்கும் நடுவில் ரயில் இல்லை என்று எழுதுங்க. ஒரு மணி நேரத்தில் 4 ரயில் இருந்தும், மூன்று பத்து நிமிடத்துக்குள் போய்விட்டு நாலாவதுக்கு 40 நிமிடம் நிற்க வேண்டியிருந்தால், அந்த 40 நிமிடத்தை எழுதுங்க. அட்டவணை போடுபவருக்குப் பயன்படுவது அதுதான்.

இனி ஒரு ரயில் செய்தியைப் பகிரும் முன் தேதி, தடம், நேரம் மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்க. இல்லையென்றால் அனுப்பாதீங்க. உங்க ஒரு பகிர்வை நம்பி யாரோ ஒருவர் ராத்திரி நடைமேடையில் நிற்கக்கூடும்.