தேடுவோர்க்கு அகப்படும் முகவரி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிறு வியாபாரம் நடத்துவோரின் இணையத்தளம், கூகிள் போன்ற தேடுபொறிகளில் தேடுவோர் கண்ணில் படுவதற்குச் செய்ய வேண்டியவை யாவை என்பது குறித்துப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். இது கணினி கற்றவர்களுக்கே உரிய மந்திரம் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. நம் மலைநாட்டவர் நன்கறிந்த ஒரு சங்கடமே இதன் அடியில் இருக்கிறது. அதுதான் முகவரி.

நம் தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. கந்தோரில் பதிவான ஆங்கிலப் பெயர் ஒன்று. நம் பாட்டன் பூட்டன் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயர் மற்றொன்று. தமிழ்ப் பெயரை மட்டும் எழுதிய கடிதம் தபாற்காரருக்கு விளங்காது. ஆங்கிலப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு விளங்காது. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாமையால் கடிதம் தோட்டக் கந்தோரில் போய்க் கிடக்கும். யாராவது எடுத்து வந்து கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த கதையைச் சொல்லக்கூடியவர்கள் இம்மண்டபத்திலேயே இருப்பார்கள். ஆள் இருக்கிறார், தேடுகிறவருக்கு அகப்படவில்லை. இணையத்தில் நம்மவர் கடைகள் பலவற்றின் நிலையும் இதுவே.

தேடுபொறி என்பது நாம் கேட்ட பிறகு உலகெங்கும் ஓடித் தேடுவதன்று. அதன் ஏவலாளான ஒரு நிரல், பக்கத்துக்குப் பக்கம் இணைப்புகளைப் பற்றிச் சென்று வாசித்து, பெரிய நூல்களின் இறுதியில் இருக்கும் சொல்லடைவைப் போன்ற ஓர் அடைவை முன்கூட்டியே தயாரித்து வைக்கிறது. நாம் கேட்கும்போது அந்த அடைவையே புரட்டுகிறது. ஆதலால், எந்தப் பக்கமும் சுட்டாத பக்கம் அதன் கண்ணில் எளிதில் படுவதில்லை. நம் பக்கத்தில் இல்லாத சொல்லைக் கொண்டு தேடுகிறவர் நம்மிடம் வந்து சேர்வதும் அரிது. 1998 இல் கூகிளை நிறுவிய லாரி பேஜ், சேர்ஜி பிரின் என்னும் ஸ்டான்போர்ட் மாணவர் இருவரும் கண்ட புதுமை, ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் சுட்டுவதை நற்சான்றாகக் கொண்டதும், சான்று தருபவரின் மதிப்பையும் உடன் நிறுத்துப் பார்த்ததுமேயாம். ஊர்ப் பெரியவர் சொல்லும் சாட்சியையும் வழிப்போக்கன் சொல்லும் சாட்சியையும் நாம் ஒன்றாகக் கொள்வோமா?

நமக்கு அண்மையான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நல்லதண்ணியில் நம்மவர் ஒருவர் நான்கு அறைகள் கொண்ட விடுதி வைத்திருக்கிறார் என்க. டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை மலையேறும் பருவம். 2,243 மீற்றர் உயர்ந்த அம்மலையை நாம் சிவனொளிபாத மலை என்கிறோம். சிங்கள அன்பர்கள் ஸ்ரீ பாத என்றும் சமனல கந்த என்றும் சொல்கின்றனர். ஐரோப்பாவிலிருந்து வருபவருக்கு அது ஆதம்ஸ் பீக். மலை ஒன்றே, தேடும் சொற்கள் பல. விடுதிக்காரரின் பக்கத்தில் இருப்பதோ, ‘இயற்கை எழில் கொஞ்சும் எமது இல்லத்துக்கு நல்வரவு’ என்ற ஒரே வாக்கியமும் பன்னிரண்டு படங்களும். அவ்வாக்கியத்தை எந்தப் பிரயாணியாவது தேடுவாரா? அவர் தேடுவது, ஹட்டன் புகையிரத நிலையத்திலிருந்து நல்லதண்ணிக்குப் பஸ் உண்டா, சூரியோதயம் காண நள்ளிரவில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், பருவம் கடந்த மாதங்களில் வழியில் விளக்கு எரியுமா, குளிருக்கு என்ன உடுப்பது என்பவற்றையே. இவற்றுக்கு விடை அறிந்தவர் அவ்விடுதிக்காரரைப் போல் வேறு யார்? அவர் அதை எழுதுவதில்லை. கொழும்பிலோ இலண்டனிலோ இருப்பவர் எழுதுகிறார். பிரயாணி அங்கே போகிறார். பிறகு அவருடைய அறையே பெரிய முன்பதிவுத் தளம் ஒன்றின் வழியாக விற்கப்படுகிறது. அத்தளங்கள் நூற்றுக்குப் பதினைந்து அளவில் தரகு கொள்கின்றன. நூறு ரூபாவில் பதினைந்து ரூபா முகவரி இல்லாமைக்குக் கட்டும் அபராதம் என்றுதான் நான் சொல்வேன்.

ஆகவே பக்கத்தின் தலைப்பில் ‘நல்வரவு’ என்பதை எடுத்துவிட்டு, ‘நல்லதண்ணி விடுதி, சிவனொளிபாத மலையடிவாரம்’ என்று எழுத வேண்டும். மேற்சொன்ன வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் நேரான விடை எழுத வேண்டும். தமிழுக்கு ஒரு பக்கம், சிங்களத்துக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம் எனத் தனித்தனியே வைப்பது நன்று.

இங்கே தமிழர்க்கே உரிய ஓர் இடர் உண்டு. நம் அச்சகங்களில் பெரிதும் புழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டதைச் சிலர் அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகின்றனர். நம் கண்ணுக்கு அது தமிழ். உள்ளே இருப்பவை வெறும் ஆங்கில எழுத்துக்களும் குறிகளும். தேடுபொறி அதனைத் தமிழாக வாசிப்பதில்லை. யுனிகோட் முறையில் இட்டாலன்றி அது தமிழாகாது. 1991 இலேயே யுனிகோடில் தமிழ் சேர்ந்துவிட்டது. 2010 இல் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் தளப்பெயரும் நமக்குக் கிடைத்தது. விலைப்பட்டியலைப் படமாக ஒட்டுவதும் நல்ல வழக்கமன்று. எழுத்தை எழுத்தாகவே இடுங்கள். படங்களைச் சிறிதாக்கி இடுங்கள். ஏனெனில் தளங்களின் கைத்தொலைபேசி வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு அடைவு செய்யும் மாற்றத்தைக் கூகிள் 2023 இல் நிறைவு செய்தது. நம் பள்ளத்தாக்குகளில் சமிக்ஞை கிடைக்கும் அழகு உங்களுக்குத் தெரியாததன்று.

தளமே இல்லாதவர் கூகிளின் வணிகப் பதிவையாவது இலவசமாகச் செய்துகொள்ளலாம். தேடிய பொருளோடு உள்ள பொருத்தம், தூரம், கடையின் பிரசித்தி ஆகிய மூன்றையும் பார்த்தே வரைபடத்தில் கடைகளை வரிசைப்படுத்துகின்றனர். கடையின் பெயர், தொலைபேசி இலக்கம், திறக்கும் நேரம் ஆகியவை எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கட்டும்.

குறுக்குவழி சொல்வோரும் உளர். ஒரே சொல்லை நூறு முறை எழுதுவது, வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக மறைத்து வைப்பது, காசு கொடுத்து இணைப்பு வாங்குவது ஆகியவை பழைய வித்தைகள். பக்கத்தின் உள்ளே மறைவாக இடும் குறிச்சொற் பட்டியலைத் தாம் கருதுவதேயில்லை என்று கூகிளார் 2009 இல் அறிவித்தனர். இணைப்பு வாணிபத்தை அடக்க 2012 இல் பெங்குயின் என்ற மாற்றத்தைக் கொணர்ந்தனர். ‘முதலாம் இடம் பெற்றுத் தருவோம், முன்பணம் தாரும்’ என்பவரை நம்பாதீர்கள். அவ்வுறுதியை எவரும் தர இயலாது என்று கூகிளே எழுதி வைத்திருக்கிறது.

1890 இல் இலங்கைக்கு வந்த தாமஸ் லிப்டன் விளம்பரத்தால் தம் பெயரை உலகின் கோப்பைகளில் எல்லாம் பதித்தார். கொழுந்து கிள்ளிய கைகளின் பெயர் எந்தப் பெட்டியிலும் வரவில்லை. இன்று அட்டனில் ஒரு தேயிலைக் கடையோ நானுஓயாவில் ஒரு விடுதியோ வைத்திருக்கும் நம்மவர், தம் பெயரைத் தாமே எழுதி வைப்பதைத் தடுப்பார் இல்லை.

எழுதியதன் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை செல்லலாம். டிசம்பர்ப் பருவத்துக்கு ஆயத்தம் செய்வோர் ஆடிக்கு முன்னரே தொடங்குதல் வேண்டும். எந்தெந்தச் சொல்லைத் தேடி மக்கள் நம் பக்கத்துக்கு வருகின்றனர் என்பதைச் ‘சேர்ச் கொன்சோல்’ என்ற இலவசக் கருவி காட்டும். அதை மாதம் ஒருமுறை பார்த்தாற் போதும். பாமினியில் எழுதி வைத்திருப்போர் கூட்டம் கலைந்தபின் பின்வரிசைக்கு வாருங்கள். மடிக்கணினியோடு இருக்கிறேன், மாற்றித் தருகிறேன்.