தந்தவரின் அணுக்களும் தங்கட்டும்



மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், உடலின் எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைக் கையிலேயே வைத்திருப்பார். ரத்தம் எடுத்த பிறகுதான் விழுங்குவார். மருந்தின் அளவு குறைந்தால் உடல் புதிய உறுப்பைத் தாக்கும். கூடினால் அந்தச் சிறுநீரகமே கெடும். கைநடுக்கம், சர்க்கரை நோய், ஓயாத தொற்று, புற்றுநோய் அச்சம் எல்லாம் தனிக்கணக்கு. இந்த வகை மருந்துகளால்தான் மாற்று அறுவை தழைத்தது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் காக்கும் மருந்தே கெடுப்பதை ஆயுள் முழுக்கப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மருந்தே இல்லாமல் உடல் புதிய உறுப்பை ஏற்குமா? இதற்கான விடையின் முதல் தடயம் மாட்டுக்கொட்டிலில் கிடைத்தது. கருப்பையில் ரத்த ஓட்டத்தைப் பகிர்ந்துகொண்ட இரட்டைக் கன்றுகள் ஒன்றின் ரத்த அணுக்களை மற்றொன்று வாழ்நாளெல்லாம் சுமப்பதை 1945இல் ரே ஓவன் எழுதினார். 1953இல் பீட்டர் மெடவாரும் தோழர்களும் கருவிலிருந்த எலிகளுக்கு வேற்று இன எலியின் அணுக்களைச் செலுத்தினார்கள். வளர்ந்தபின் அவை அந்த இனத்தின் தோலை ஏற்றுக்கொண்டன. வெள்ளை அணுக்களுக்குத் தன்னவர் யார், அயலார் யார் என்று கற்றுக்கொடுக்கும் பள்ளி தைமஸ் சுரப்பி. கொடையாளரின் அணுக்களும் அங்கே போய்ச் சேர்ந்தால், அவருடைய சிறுநீரகமும் தன்னதாகிவிடும்.

இதை மனிதரிடம் செய்துகாட்டியவர்களில் ஸ்டான்ஃபோர்டின் சாமுவேல் ஸ்ட்ரோபர் குழுவினர் முக்கியமானவர்கள். திசுப் பொருத்தம் முழுமையாக உள்ள அண்ணன் தம்பி, அக்கா தங்கையரிடம் இதைச் செய்துபார்த்தார்கள். கொடையாளருக்குச் சில நாள் ஊசி போட்டு, எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தால் பிரித்து உறையவைத்தார்கள். சிறுநீரகம் பொருத்திய பின் நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், தைமஸ் ஆகியவற்றின்மேல் பத்து முறை சிறு அளவில் கதிர்வீச்சு. கூடவே வெள்ளை அணுக்களைக் குறைக்கும் ஊசிகள். பிறகு அந்த ஸ்டெம் செல்கள் ரத்தம் ஏற்றுவதுபோல ரத்தக்குழாய் வழியே இறங்கும். கொடையாளரின் அணுக்கள் ஆறு மாதமாவது நிலைத்து, நிராகரிப்புக்கான அறிகுறியும் இல்லையென்றால், மருந்தைப் படிப்படியாக நிறுத்துவார்கள்.

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையினர், பொருத்தம் குறைவான கொடையாளரிடமிருந்து சிறுநீரகமும் அணுக்களும் பெற்ற ஐந்து பேரைப் பற்றி 2008இல் அறிக்கை தந்தார்கள். நால்வர் மருந்தை விட்டிருந்தார்கள். கொடையாளரின் அணுக்களோ அவர்கள் ரத்தத்தில் சில வாரங்களே தங்கின. ஆனாலும் சிறுநீரகம் நிலைத்தது! பாடம் முடிந்தபின் ஆசிரியர் போய்விட்டார் போலும். ஆனால் பின்னாளில் சிலருக்கு மருந்தை மீண்டும் தொடங்க வேண்டி வந்தது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. வந்த அணுக்கள் பெற்றவரின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கக்கூடும். அமெரிக்காவில் வேறொரு முறையைச் சோதித்த பெரிய ஆய்வில் இத்தகைய தாக்குதலுக்கு ஆளான ஒருவர் இறந்தார். 2023இல் ஆய்வே கைவிடப்பட்டது. ரத்தப் புற்றுநோயாளிக்கு மஜ்ஜை மாற்றம் உயிர்ப்பிச்சை. அங்கே இந்த ஆபத்தை ஏற்கலாம். சிறுநீரகம் பெற்றவர் மாத்திரையோடு பல ஆண்டு வாழக்கூடியவர். அவரிடம் இந்தச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லும் மருத்துவர் இந்த வேறுபாட்டை முதலில் சொல்ல வேண்டும். இன்று இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு எவரும் தாமாக ஒரு வேளை மாத்திரையைக்கூடக் குறைக்கக் கூடாது, கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் ஏராளம். அறுவைக்குச் சில நாள் முன்பே ஆயத்தம் கேட்கும் பாஸ்டன் முறை அவர்களுக்கு ஒத்துவராது. உறுப்பு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? முதலில் சிறுநீரகம், பிறகு அணுக்கள் என்னும் ஸ்டான்ஃபோர்டின் வரிசைதான் அவர்களுக்கு ஏற்றது. இறந்தவரின் முதுகெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து உறையவைக்கவும் முடியும். முழுப் பொருத்தம் இல்லாத அந்த அணுக்களை, பெற்றவருக்குத் தீங்கின்றித் தங்கவைப்பது எப்படி என்பதே இங்குள்ள இளம் மருத்துவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை.