ஒற்றைத் துருவத்தைத் தேடி

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் ஐந்தாம் நூற்பா, இறைவன் திருமுன் உயிர் அறிவு பெறும் முறையை விளக்குதற்குக் காந்தத்தையும் இரும்பையும் உவமையாக்குகிறது. காந்தத்தின் இயல்பைத் தமிழர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இஃதொரு சான்று. ஆயினும், காந்தத்திற்கு இரு துருவங்கள் உண்டென்பதும் அவை ஒன்றைவிட்டொன்று பிரியா என்பதும் அவ்வுவமைக்குள் வரவில்லை. வரவேண்டிய தேவையும் ஆங்கில்லை.

திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழிற்சாலைப் பகுதியில் காந்தம் கைக்கெட்டும் பொருள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் உருவாகி வெளிவரும் மகிழுந்தின் கண்ணாடியை ஏற்றியிறக்கும் சிறு மோட்டாரிலும் அது உண்டு. செல்பேசியின் ஒலிபெருக்கியிலும் உண்டு. அத்தகைய காந்தம் ஒன்று கைதவறி உடைந்தால் வடதுருவம் ஒரு துண்டிலும் தென்துருவம் மற்றொரு துண்டிலுமாகப் பிரிந்து நிற்பதில்லை. ஒவ்வொரு துண்டும் இரு துருவமுடைய முழுக்காந்தமாகவே அமைகிறது. பொடியாக அரைத்தாலும் நிலை இதுவே. இரட்டைக்கிளவி பிரிந்து நின்று ஒலிக்காது என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். 'சலசல' என்பதில் ஒரு 'சல' தனித்து நின்று பொருள் தருவதில்லையன்றோ? காந்தத் துருவங்களும் இயற்கை வழங்கிய இரட்டைக்கிளவிகள் எனலாம்.

ஆனால் 1931இல் பால் டிராக் என்னும் ஆங்கிலேய இயற்பியல் அறிஞர், அந்த ஒற்றைச் 'சல' எங்கேனும் தனித்து நிற்குமாயின் அதனைக் குவாண்டம் கோட்பாடு விலக்காது என்று நிறுவினார். அம்மட்டோடு அவர் நின்றிலர். மின்னூட்டம் எங்கும் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தினது முழு மடங்காகவே கிடைக்கிறது. ஒன்றரை என்றோ இரண்டேகால் என்றோ கிடைப்பதில்லை. ஏன் என்பதற்கு அன்று விடையில்லை. அண்டத்தில் யாண்டேனும் ஒரே ஒரு ஒற்றைத் துருவம் இருந்துவிட்டால் அவ்வினாவுக்கு விடை கிடைத்துவிடும் என்பது டிராக்கின் முடிபு. அதே முடிபை மேகநாத சாகா 1936இல் வேறு வழியில் அடைந்தார். ஒரு மின்னூட்டமும் ஒரு காந்தத் துருவமும் அசையாது எதிரெதிர் நின்றாலும் அவற்றின் புலத்தில் சுழற்சி உந்தம் உறைந்திருக்கும். அதன் அளவு அவற்றின் இடைத்தொலைவைப் பொறுத்ததன்று. அதற்குக் குவாண்டம் விதியைப் பொருத்தினால் டிராக்கின் சமன்பாடு வந்து நிற்கும். நெடிய கணிதத்தைச் சில வரிகளில் அடக்கிய இவ்வழியின் அழகு, குறட்பா பயின்றோர்க்குப் புதிதன்று.

1974இல் டூஃப்ட், பொலியக்கோவ் எனும் இருவரும் தனித்தனியே, இயற்கை விசைகளை ஒருங்கிணைக்கும் கோட்பாடுகள் சிலவற்றில் ஒற்றைத் துருவம் தானே தோன்றும் என்று காட்டினர். பேரொருமைக் கோட்பாடுகள் கூறும் துருவத்தின் நிறையோ புரோட்டானைப் போல ஏறத்தாழ நூறு கோடியைக் கோடியால் பெருக்கிய மடங்கு. இத்துணைப் பொருண்மையுடையதை எந்த ஆய்வுக்கூடத்திலும் ஆக்க இயலாது. அண்டம் தோன்றிய காலத்தில் பிறந்து, இன்றும் வெளியில் திரிந்துகொண்டிருப்பின், அது கடந்து செல்லும் கணத்தில் கண்டால்தான் உண்டு.

1982 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பிளாஸ் கப்ரேரா என்பார் அமைத்திருந்த மீக்கடத்திச் சுருளில் மின்னோட்டம் திடுமெனத் தாவியது. தாவிய அளவு, டிராக் கூறிய துருவம் ஒன்று கடந்து சென்றிருந்தால் எவ்வளவோ அவ்வளவு. உலகம் பரபரத்தது. கப்ரேரா மட்டும் கண்டுபிடித்துவிட்டதாகக் கூறவில்லை. அது துருவமாக இருக்கக்கூடும் என்ற அளவில் நிறுத்தி, இத்துணைக்கு மேல் அவை இருக்க முடியாது என்ற எல்லையையே வெளியிட்டார். பின்னர் அமைந்த பெரிய சுருள்களில் அத்தகைய தாவல் உறுதிப்படவில்லை. அவரது அடக்கம் அறிவியலிலும் அரிது. இலக்கிய ஆய்விலோ, ஒரே ஓலையைக் கொண்டு காலத்தையே கணித்துவிடுவோர்க்கிடையில், இன்னும் அரிது.

தமிழர் நெஞ்சுக்கு நெருங்கிய தேடல் கோலார் தங்கவயலில் நிகழ்ந்தது. நிலமட்டத்திற்கு 2.3 கிலோமீட்டர் கீழே, பாறையே சுடும் ஆழத்தில், 1980இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் 140 டன் கருவி ஒன்றை நிறுவினர். இரும்புத் தகடுகளும் வாயு நிரம்பிய எண்ணிக்குழாய்களும் மாறி மாறி அடுக்கப்பெற்ற அமைப்பு அது. புரோட்டான் சிதைகிறதா என்று காண்பதே முதல் நோக்கம். ஆயினும் கனத்த துருவம் ஒன்று மெல்ல ஊடுருவிச் சென்றால் அடுக்கடுக்காகக் காலந்தாழ்த்தித் தடம் பதியும். போதாக்குறைக்கு, துருவம் தன் வழியிலுள்ள புரோட்டான்களைச் சிதைக்கவும் வல்லது என்று ருபக்கோவும் கேலனும் அக்காலத்தில்தான் கூறியிருந்தனர். எனவே ஒரே கருவி இரு தேடலுக்கும் பயன்பட்டது. 1984இல் வெளியிட்ட கட்டுரையில் அக்குழுவினர் துருவம் கண்டோம் என்று எழுதவில்லை. இதற்கு மேல் இல்லை என்ற எல்லையை எழுதினர். புரோட்டான் சிதைவு என அவர்கள் கருதிய சில நிகழ்வுகளைப் பிற நாட்டுப் பெருங்கருவிகள் உறுதிப்படுத்தவில்லை என்பதையும் மறைத்தற்கில்லை.

விண்ணிலிருந்து பொழியும் துகள்களைத் தடுத்து அக்கருவிக்கு அமைதி தந்தது தலைக்கு மேலிருந்த பாறை. அந்த ஆழம் அறிவியலுக்காக வெட்டப்பட்டதன்று, தங்கத்திற்காக வெட்டப்பட்டது. வெட்டியோருள் பெருந்தொகையினர் வட ஆற்காட்டுப் பகுதியினின்று பிழைப்பு நாடிச் சென்ற எளிய தமிழ் மக்கள்; அவர்களுள்ளும் பலர் ஒடுக்கப்பட்டோர். பாறை வெடிப்பிலும் நுரையீரல் நோயிலும் மாண்டோர் பலர். 1965இல் வளிமண்டல நியூட்ரினோ உலகில் முதன்முதலாகப் பதிவானவற்றுள் ஒன்று அச்சுரங்கத்திலேயே என்பதை இயற்பியல் வரலாறு பெருமையுடன் குறிக்கிறது. அவ்வரலாற்றின் அடியில் அவர்தம் உழைப்பும் கிடக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பின் நீர் புகுந்தது. மூடப்படும் ஆலையின் வாயிலில் நிற்பது எத்தகையது என்பதைத் திருப்பெரும்புதூர்ப் பகுதித் தொழிலாளர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2014இல் நோக்கியா ஆலை மூடப்பட்டதை அவர்கள் கண்டவர்கள்.

தேடல் ஓயவில்லை. இத்தாலியின் கிரான் சாசோ மலையடியில் 2000 வரை இயங்கிய மாக்ரோ கருவியும் 'இல்லை' என்பதையே இன்னும் நுண்மையாகக் கூறியது. ஜெனீவாவின் துகள்முடுக்கியில் பல்லாண்டு பயன்பட்டுக் கழிக்கப்பட்ட பெரிலியக் குழாயை வெட்டி, அதனுள் துருவம் சிக்கியிருக்குமோ என்று துண்டு துண்டாகச் சோதித்த முடிவு 2024இல் வெளிவந்தது. அதிலும் இல்லை.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து, 50,000 டன் காந்தமூட்டிய இரும்பாலான நியூட்ரினோக் கருவியை நிறுவும் திட்டத்திற்கு 2015இல் மைய அரசு இசைவளித்தது. அக்கருவியில் ஒற்றைத் துருவத்தையும் தேடலாம் என இயற்பியலார் கணித்திருந்தனர். மலையும் காடும் நீரும் என்னாகும் என்று மக்கள் வினவினர்; 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. கோலாரின் ஆழத்திற்கு மக்கள் கொடுத்த விலையை அறிந்தோர் அவ்வினாவை எளிதில் ஒதுக்கார். கருவியின் 85 டன் சிறுமாதிரி மட்டும், தலைக்கு மேல் மலையின்றி, மதுரையில் 2018இல் இயங்கத் தொடங்கியது.