அடுப்பிற்கு வாடகை



கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் ஹனூர். கொள்ளேகாலம் வட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. ஆகவே அப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அமாவாசை, சிவராத்திரி, யுகாதி, தீபாவளி நாட்களில் மலைக்குச் செல்லும் அடியவர் கூட்டம் இவ்வூரைக் கடந்தே போகிறது. அக்கூட்டத்தைக் காணும்போது, ‘ஒரு சமையற்கூடத்தை வாடகைக்கு எடுத்து உணவுத் தொழில் தொடங்கினால் என்ன?’ என்னும் எண்ணம் எழுவது இயல்பே. அந்த எண்ணம் நல்லது. ஆனால், வீட்டிலுள்ள நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுவதற்கு முன், ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

கட்டட உரிமையாளர் சொல்லும் தொகை வாடகையின் ஒரு பகுதியே ஆகும். ஓர் எடுத்துக்காட்டாக, மாத வாடகை 9,000 ரூபாய், முன்பணம் பத்து மாத வாடகையாகிய 90,000 ரூபாய் என்று கொள்வோம். முன்பணம் திரும்பி வரும் பணம்தானே என்று பலர் அதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனை நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால், மாதந்தோறும் 1,800 ரூபாய் வட்டி. மின்சாரத்திற்கு வாணிப விகிதக் கட்டணம். அடுப்பை மூட்டாத மாதத்திலும் அதன் நிலைக்கட்டணம் உண்டு. அதனுடன் தண்ணீர், குப்பை அகற்றல், சிறு பழுது ஆகியவற்றிற்கு 2,200 ரூபாய் வைத்துக்கொண்டால், மொத்தம் 13,000 ரூபாய் ஆகிறது.

மாதம் 26 நாள் சமைத்தால் இது நாளொன்றுக்கு 500 ரூபாய். நாள்தோறும் நூறு சாப்பாடு விற்றால், ஒவ்வொரு சாப்பாட்டின் மேலும் ஐந்து ரூபாய் வாடகை ஏறுகிறது. ஐம்பது விற்றால் பத்து ரூபாய். ஆனால், அமாவாசையையும் திருவிழாவையும் மட்டுமே நம்பி மாதம் பத்து நாள் சமைப்பவருக்கு நாள் வாடகை 1,300 ரூபாய் ஆகிவிடும். கூட்டம் சில நாள் வரும். வாடகையோ முப்பது நாளும் வரும்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. புகைபோக்கி, கழிவுநீர் வழி, கருங்கல் மேடை ஆகியவற்றைப் பிறர் கட்டடத்தில் நம் பணத்தில் அமைக்கிறோம். 33,000 ரூபாய் செலவிட்டுப் பதினோரு மாதத்தில் வெளியேற நேர்ந்தால், மாதம் 3,000 ரூபாய் கூடுதல் வாடகை கொடுத்ததாகவே பொருள். ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டுமென 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் விதிப்பதால், பதினோரு மாத ஒப்பந்தமே எங்கும் வழக்கமாகிவிட்டது. எனவே, புதுப்பித்தல், வாடகை உயர்வு, முன்பணம் திரும்பும் நாள் மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். பத்திரம் கன்னடத்தில் இருந்தால், நம்பிக்கைக்குரிய ஒருவரைக் கொண்டு வரிவரியாகப் படிக்கச் செய்து, பின்னரே கையொப்பமிடுங்கள்.

சட்டத்தின் கடமைகளும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பனையின் அளவிற்கேற்பப் பதிவோ உரிமமோ பெற வேண்டும். எரிவாயுவிற்கு 19 கிலோ வாணிப உருளையே உரியது; வீட்டுக்கான 14.2 கிலோ உருளையைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது குற்றமாகும்.

அப்படியாயின் சிறுமுதல் உடையவர் என் செய்வது? நம்மிடையே பழைய வழி ஒன்று உண்டு. கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டு, முகூர்த்தம் இல்லாத நாட்களில் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. அண்டாவும் தவலையும் பாத்திர வாடகைக் கடையில் நாள் கணக்கில் கிடைக்கின்றன. மண்டபத்தார் இசைந்து நாளொன்றுக்கு 800 ரூபாய்க்குத் தருவாராயின், பத்து நாளுக்கு 8,000 ரூபாய். பெரிய முன்பணமும் இல்லை. நம் எடுத்துக்காட்டின்படி, பதினாறு நாள் வரை நாள் வாடகையே சிக்கனம்; பதினேழாம் நாளிலிருந்து மாத வாடகை சிக்கனம். உங்கள் ஊர்த் தொகைகளை இட்டு, அந்த எல்லை நாளைக் கண்டுபிடியுங்கள்.

மற்றொரு வழியை 1959-ஆம் ஆண்டு பம்பாயின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் காட்டினர். எண்பது ரூபாய்க் கடனுடன், தாங்கள் வசித்த கட்டடத்தின் மொட்டை மாடியில் அவர்கள் அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே பின்னர் லிஜ்ஜத் அப்பள நிறுவனமாக வளர்ந்தது. வளர்ந்த பின்னும் மாவு பிசைவது பொது நிலையத்தில். அப்பளம் இடுவது அவரவர் இல்லத்தில். எந்த வேலைக்குப் பொது இடம் இன்றியமையாததோ, அதற்கு மட்டுமே இடம் தேடினால் போதும் என்பது இதனால் விளங்கும்.

நேயர்களே, அயலூரில் தொழில் தொடங்குபவருக்குத் தோல்வியைத் தாங்கும் வலிமை குறைவு. கைகொடுக்கச் சுற்றத்தார் அருகில் இல்லை. ஆகவே முதல் மூன்று மாதம் நாள் வாடகையில் சமையுங்கள். எத்தனை நாள் அடுப்பு எரிந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மாத வாடகைக்குச் செல்லலாமா என்பதை அந்தக் குறிப்பேடே கூறிவிடும். அதன் பிறகு நகையைப் பெட்டியிலிருந்து எடுக்கலாம். எடுக்காமலே இருந்துவிடவும் கூடும்.