கணக்கை வரைந்து படிப்பது



பக்கத்தில் பென்சிலும் துண்டுக் காகிதமும் இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வானொலியில் படம் காட்ட வழியில்லை. நான் சொல்லச் சொல்ல நீங்கள்தான் வரைய வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கவிதாவிடம் 38 மணிகள் இருக்கின்றன. அது நூரிடம் இருப்பதைவிட 14 அதிகம். இருவரிடமும் சேர்த்து எத்தனை மணிகள்?

எட்டு வயதுப் பிள்ளையிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். பல பிள்ளைகளின் கண் நேரே இரண்டு எண்களுக்குப் போகும். அங்கிருந்து ‘அதிகம்’ என்ற சொல்லுக்குத் தாவும். அதிகம் என்றால் கூட்ட வேண்டும் என்று முடிவு கட்டி, 38-ஐயும் 14-ஐயும் கூட்டி, 52 என்று எழுதி நோட்டை நீட்டிவிடும். கூட்டலில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால் நூரிடம் இருப்பது 24, இருவருக்கும் சேர்த்து 62.

‘கவனக்குறைவு’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளை கவனமாகத்தான் செய்திருக்கிறது. ‘மொத்தம், அதிகம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி’ என்று நாம் சொல்லிக் கொடுத்த சூத்திரத்தை அப்படியே கடைப்பிடித்திருக்கிறது. அந்தச் சூத்திரம்தான் அதன் காலை வாரிவிட்டது.

இந்தச் சிக்கலை ஒரு நாடு நேருக்கு நேர் எதிர்கொண்டு, அதற்கென்று ஒரு முறையையே உருவாக்கியது. அந்த நாடு சிங்கப்பூர். அங்கே அதை ‘மாடல் முறை’ என்கிறார்கள். எளிமையாகச் சொன்னால், பட்டை வரைந்து கணக்குப் போடுவது. அதன் பலம் எங்கே இருக்கிறது, எங்கே அது சறுக்குகிறது என்று இன்று பார்க்கலாம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் கணிதத் திறனைச் சோதித்துப் பார்த்தது. இரண்டாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை படித்தவர்களில், ‘மொத்தம்’, ‘மீதி’ போன்ற துப்புச் சொற்கள் இருந்த கணக்குகளை 87 விழுக்காட்டினர் போட்டுவிட்டார்கள். அந்தச் சொற்கள் இல்லாத கணக்குகளைப் போட்டவர்கள் 46 விழுக்காடுதான். பாதிப் பிள்ளைகள் கணக்கைப் படிக்காமலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது வெளிச்சமாகிவிட்டது.

அந்த வகுப்பறைகளின் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். ஒரு பெஞ்சில் வீட்டில் ஹொக்கியன் என்ற சீன வழக்கைப் பேசும் பிள்ளை, அடுத்து மலாய் பேசும் பிள்ளை, அதற்கடுத்து தமிழ்ப் பிள்ளை. சீனம், மலாய், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் தனித்தனியே இயங்கிய பள்ளிகள் மறைந்து, 1987-க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பாடமொழி ஆனது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட, வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவதாகச் சொன்னவர்கள் 48.3 விழுக்காடுதான், எண்பதுகளில் அது இன்னும் வெகு குறைவு. மூன்று வரிக் கணக்கு ஒன்று அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் ஆங்கிலப் பாடம். அதைத் தாண்டினால்தான் கணிதப் பாடம்.

1980-ல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்ப் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில், கோ டெக் ஹாங் என்ற கணிதக் கல்வியாளர் தலைமையில் ஒரு குழு தொடக்கப்பள்ளிக் கணிதப் புத்தகங்களை எழுதிக்கொண்டிருந்தது. எண்பதுகளில் அந்தக் குழு கொண்டுவந்ததுதான் மாடல் முறை. அதன் அடித்தளத்தில் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் கருத்து இருக்கிறது. குழந்தை முதலில் பொருளைக் கையால் தொட்டு அறியும், பிறகு படமாகக் காணும், அதன்பிறகே குறியீட்டுக்கு வரும் என்றார் அவர். எண்ணிப் பார்க்கக் கட்டைகளும் மூடிகளும் பள்ளியில் ஏற்கெனவே இருந்தன. பலகையில் எண்களும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே பாலம்தான் இல்லை. பட்டை அந்த இடத்துக்கு வந்தது.

இப்போது பென்சிலை எடுங்கள். கிடைமட்டமாக ஒரு நீளப் பட்டை வரைந்து ‘கவிதா’ என்று எழுதுங்கள். அதற்கு நேர் கீழே நூருக்கு ஒரு பட்டை. இந்த இடத்தில் கை தானாக நிற்கும். நூருடைய பட்டை நீளமா, குட்டையா? இதற்கு விடை தெரியாமல் மேலே ஒரு கோடுகூடப் போட முடியாது. பிள்ளை மறுபடி கணக்கைப் படிக்கிறது. கவிதாவிடம்தான் அதிகம். ஆக நூருடைய பட்டை குட்டை. வித்தியாசமாகத் துருத்தி நிற்கும் துண்டுக்கு மேல் 14 என்று எழுதுங்கள். கவிதாவின் முழுப் பட்டைக்கு 38. இரண்டையும் வலப்பக்கம் ஒரு அடைப்புக்குறியால் சேர்த்து, அங்கே ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான். கழிக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, படமே சொல்லிவிடும்.

கை நின்ற அந்த நொடிதான் இந்த முறையின் உயிர் என்பது என் கருத்து. கணக்கிடுவதை அது சற்றே தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போட்ட அந்த இடைவெளியில் வாசிப்பு நுழைகிறது.

ஆசிரியருக்கும் இதில் ஆதாயம் உண்டு. 52 என்ற தவறான விடையைப் பார்த்தால் எங்கே தவறியது என்று அவருக்குத் தெரியாது. நூருக்கு நீளப் பட்டை போட்டிருந்தால், ‘எதைவிட எது அதிகம்’ என்பதில் பிள்ளை தடுமாறியிருப்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் கோவையாகப் பேச வராத பிள்ளையும் விரலால் பட்டையைத் தொட்டு, ‘இது இது, அது அது’ என்று தன் யோசனையைச் சொல்லிவிடலாம். பல மொழிப் பிள்ளைகள் கூடியிருக்கும் வகுப்பில், மொழிப் பஞ்சம் அறிவுப் பஞ்சமாகத் தோன்றாமல் காப்பாற்றும் வழி இது.

இன்னொரு கணக்கு. ஐந்தாம் வகுப்புக்கு உரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெய் லிங்கிடம் இருப்பதைப்போல் மூன்று மடங்கு ஸ்டிக்கர் அலியிடம் இருக்கிறது. அலி 20 ஸ்டிக்கர்களை மெய் லிங்கிடம் கொடுத்ததும் இருவரிடமும் சமமாகிவிட்டது. முதலில் ஆளுக்கு எத்தனை?

உயர்நிலைப் பள்ளியில் எக்ஸ் என்று வைத்துச் சமன்பாடு எழுதுவோம். பத்து வயதுப் பிள்ளைக்கு எக்ஸ் தெரியாது. அது அலிக்கு மூன்று கட்டம் வரைகிறது, மெய் லிங்குக்கு ஒரு கட்டம். மொத்தம் நான்கு கட்டம். சமமாக வேண்டுமானால் ஆளுக்கு இரண்டு. அப்படியென்றால் அலி கொடுத்தது ஒரு கட்டம். ஒரு கட்டம் 20. அலியிடம் 60, மெய் லிங்கிடம் 20. விடை கிடைத்ததோடு, இன்னதென்று தெரியாத ஒன்றை ஒரு கட்டமாக வைத்துக்கொண்டு யோசிக்கலாம் என்ற இயற்கணிதத்தின் அடிப்படையும் அந்தப் பிள்ளையின் கைக்கு வந்துவிடுகிறது.

தொண்ணூறுகளில் சிங்கப்பூர்ப் பாடத்திட்டம் கணிதக் கல்வியின் நடுநாயகமாகச் ‘சிக்கல் தீர்த்தலை’ வைத்தது. ஓர் ஐங்கோணம் வரைந்து, நடுவில் அதை எழுதி, ஐந்து பக்கங்களிலும் கருத்து, திறன், செயல்முறை, மனப்பாங்கு, தன் சிந்தனையைத் தானே கவனித்தல் என்று குறித்தார்கள். வாய்ப்பாடு ஒப்பிப்பதும் வேகமாகப் பெருக்குவதும் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போயின. 1995-ல் நடந்த டிம்ஸ் என்னும் பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வின் கணிதப் பிரிவில் சிங்கப்பூர் முதலிடத்துக்கு வந்தது. 2023 ஆய்விலும் நான்காம் வகுப்புக் கணிதத்தில் 615 புள்ளிகளுடன் அதற்கே முதலிடம்.

அந்தப் புகழையெல்லாம் பட்டையின் தலையில் கட்டிவிடக் கூடாது. ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி இருக்கிறது. குறைந்த பாடங்களை ஆழமாக நடத்தும் திட்டம் இருக்கிறது. வீட்டிலிருந்து கொட்டப்படும் பணமும் இருக்கிறது. 2023-ல் சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்குச் செலவிட்டது சுமார் 180 கோடி சிங்கப்பூர் வெள்ளி. இங்கேதான் இந்த முறையின் பலவீனம் தலைகாட்டுகிறது.

டியூஷன் மையங்கள் பட்டைக் கணக்குகளை வகை பிரித்துவிட்டன. ‘கொடுத்து வாங்கும்’ வகை, ‘வித்தியாசம் மாறாத’ வகை, ‘மொத்தம் மாறாத’ வகை என்று பெயர் சூட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அச்சு வார்த்துவிட்டார்கள். பிள்ளை கணக்கைப் பார்த்ததும், இது எந்த வகை என்று தேடுகிறது. வகை தெரிந்ததும் மனப்பாடமான படத்தை இறக்குகிறது. எந்தப் பழக்கத்தை விரட்டப் பட்டை வந்ததோ, அதே பழக்கம் பட்டையின் வேடத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

இது வெட்டவெளிச்சமானது 2021-ல். அந்த ஆண்டுத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஒரு கணக்கு வந்தது. ஹெலன், ஐவன் இருவரிடமும் நாணயங்களின் எண்ணிக்கை சமம். ஹெலனிடம் சில 50 காசுகளும் அறுபத்து நான்கு 20 காசுகளும். அவற்றின் எடை 1.134 கிலோ. ஐவனிடம் சில 50 காசுகளும் நூற்று நான்கு 20 காசுகளும். யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு அதிகம்? ஒரு 50 காசு, 20 காசைவிட 2.7 கிராம் கூடுதல் என்றால், ஐவனுடைய நாணயங்களின் எடை என்ன?

பெற்றோர்கள் பொருமித் தீர்த்தார்கள். 50 காசு எத்தனை என்றே சொல்லவில்லையே என்பது பலருக்கு மலைப்பு. அது தேவையே இல்லை என்பதுதான் கணக்கின் நயம். ஐவனிடம் 20 காசு நாற்பது கூடுதல். எண்ணிக்கை சமம் என்பதால் 50 காசு நாற்பது குறைவு. நாற்பது முறை 30 காசு வித்தியாசம். ஹெலனிடம் 12 வெள்ளி அதிகம். எடையிலும் அதே நாற்பது. நாற்பது முறை 2.7 கிராம், அதாவது 108 கிராம், ஐவனிடம் குறைவு. விடை 1.026 கிலோ. தெரியாத எண்ணைத் தேடி அலைந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, ஒத்துப்போகும் பகுதியை மறைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு வழி திறந்தது. ஒரே கருவிதான், அச்சாக வைத்திருந்தவருக்குக் கைகொடுக்கவில்லை, யோசிக்கப் பயன்படுத்தியவருக்குக் கைகொடுத்தது.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்திலிருந்து ஓடத் தொடங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியிருந்த கவலையில்தான் 1991-ல் சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் பிறந்தது. மலாய்ச் சமூகம் அதற்கும் முன்பே, 1982-ல், மெண்டாக்கியைத் தொடங்கியிருந்தது. குறைந்த கட்டணத் துணைப்பாடம் இந்த அமைப்புகளின் முக்கியப் பணி. அரசும் 2007-ல் இருந்து, முதல் வகுப்பில் நுழையும்போதே எண்ணறிவில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து, சிறு குழுக்களாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கிறது. நல்ல முறை ஒன்று புத்தகத்தில் இருந்துவிட்டால் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து, ‘ஏன் இந்தப் பட்டையை நீளமாகப் போட்டாய்?’ என்று பொறுமையாகக் கேட்க ஓர் ஆளும் வேண்டும்.

அந்த ஆளாக வீட்டில் நாமே இருக்கலாம். ஆன் நியூமன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 1977-ல் ஒரு வழி சொன்னார். பிள்ளை தவறிய கணக்கை எடுத்துக்கொண்டு ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். கணக்கை வாய்விட்டுப் படி. என்ன கேட்கிறார்கள், உன் வார்த்தையில் சொல். எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறாய்? செய்து காட்டு. விடையை எழுது. எந்தக் கேள்வியில் பிள்ளை தடுக்கி விழுகிறதோ அங்கேதான் உதவி தேவை. அவரும் பின்னால் வந்த ஆய்வாளர்களும் கண்டது, தவறுகளில் கணிசமான பகுதி நான்காவது கேள்விக்கு வருவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்பது. நாமோ நான்காவதில் மட்டும் நூறு பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது கேள்வியைத் தாய்மொழியிலேயே கேளுங்கள். ஆங்கிலக் கணக்கைத் தமிழில் கதையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு புரிந்துவிட்டது என்று பொருள். சொல்லத் தெரியாவிட்டால் படம் வரையச் சொல்லுங்கள். கோணல்மாணலாக இருந்தால் பரவாயில்லை. அளவுகோல் வேண்டாம், வண்ணம் வேண்டாம். எது பெரிது, எது சிறிது, எது தெரியாது என்ற மூன்றும் படத்தில் இருந்தால் போதும். படம் இல்லாமலே போடத் தெரிந்த பிள்ளையைப் பட்டை வரையச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். ‘படம் இல்லை, மதிப்பெண் கட்’ என்று தொடங்கினால் அதுவும் ஒரு சடங்காகிவிடும்.

ஆக, மாடல் முறை நல்ல முறைதான். ஆனால் நல்ல முறைகளுக்கு ஓர் ஆபத்து உண்டு: வெற்றி பெற்றதும் அவற்றைச் சூத்திரமாக்கிவிடுவோம். பிள்ளையை அரை நிமிடம் நிற்கவைத்துப் படிக்கச் செய்யும் வரைக்கும் பட்டைக்கு மதிப்பு. அந்த அரை நிமிடத்தை மிச்சப்படுத்த உதவும் குறுக்குவழியாக அது மாறினால், தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று தேடலாம்.

முடிப்பதற்கு முன், வீட்டில் எல்லாரும் சேர்ந்து போட ஒரு கணக்கு. அண்ணன், தங்கை இருவரிடமும் சேர்த்து 84 ரூபாய் இருக்கிறது. அண்ணன் தன்னிடம் உள்ளதில் நான்கில் ஒரு பங்கைத் தங்கையிடம் கொடுக்கிறான். இப்போது இருவரிடமும் சமம். முதலில் யாரிடம் எவ்வளவு இருந்தது? பெரியவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: எக்ஸ் கூடாது.