நாயின் நோயும் நமது கையும்



நாயின் சொறியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாயின் தோலில் வரும் சில வியாதிகள் நம் குழந்தைகளின் தோலுக்கும் வருகின்றன. ஆகவேதான் பேசுகிறேன்.

படர்தாமரையை எடுத்துக் கொள்ளுங்கள். இங்கிலீஷ்காரர் அதற்கு 'வட்டப் புழு' என்று பேர் வைத்தார்கள். நம்மவர்களோ விஷக்கடி என்றும், தெய்வக் குற்றம் என்றும் சொல்லி மந்திரிக்கப் போனார்கள். இரண்டும் தப்பு. அது ஊறுகாய்ப் பானையில் படரும் பூசணத்தின் இனத்தைச் சேர்ந்தது. தலையில் வரும் இப்படிப்பட்ட நோய் ஒன்றுக்குப் பூசணமே காரணம் என்று, பாரிசில் இருந்த டேவிட் குரூபி என்ற வைத்தியர் 1841லேயே பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்லிவிட்டார்.

இந்தப் பூசணம் பிடித்த நாய்க்கு மயிர் வட்ட வட்டமாக உதிரும், பொருக்குத் தட்டும். பூனைக்கோ வெளியில் ஒன்றும் தெரியாமலும் இருக்கும். உதிர்ந்த மயிரில் உள்ள வித்துக்கள் பாயிலும் சீப்பிலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். நாயின் சொறியெல்லாம் பூசணமல்ல. சிறு பூச்சியாலும் சொறி வரும். எது என்பதை மயிரையும் தோலையும் சோதித்துத்தான் சொல்ல முடியும். குறி கேட்டுச் சொல்ல முடியாது.

இன்னொன்று கேளுங்கள். அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகளைத் தீவிரமாகக் காக்கும் பிரிவில், 15 குழந்தைகளிடம் நாயின் காதிலும் தோலிலும் வாழும் ஒரு பூசணம் காணப்பட்டது. அது 1998ல் பிரசுரமாயிற்று. நாயே நுழையாத இடத்திற்கு அது எப்படி வந்தது? சிப்பந்திகளின் வீட்டு நாய்களைச் சோதித்தார்கள், கைகளைச் சோதித்தார்கள். அதே பூசணம் இருந்தது. நாயிடமிருந்து கை வழியாக வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, கை கழுவுவதைக் கண்டிப்பாக்கினார்கள். பரவல் நின்றது.

அந்தக் கை எந்தச் சாதிக் கை என்று யாராவது கேட்டார்களா? கழுவாத கை, அவ்வளவே! நாயைத் திண்ணையில் படுக்க விட்டு, மனிதனைத் தெருவில் நிறுத்தி, அதற்குத் 'தீட்டு' என்று பேர் வைத்தார்களே, அந்த ஆசாரத்தால் ஒரு படர்தாமரையையாவது தடுக்க முடிந்ததா? நோய் அழுக்கில் இருக்கிறது, பிறப்பில் இல்லை.

மந்திரத்தை விட்டவர்களிலும் சிலர், வைத்தியரைக் கேளாமல் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவுகிறார்கள். நமைச்சல் அடங்கும், உள்ளே பூசணம் வளரும். இதுவும் ஒரு மூடநம்பிக்கைதான்.

ஆகையால் தோழர்களே! நாயைத் தொட்டால் சோப்பினால் கை கழுவுங்கள். மயிர் உதிர்ந்த நாயைக் கல்லால் அடிக்காமல் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்; குணமாகக் கூடிய நோய் அது. அதன் படுக்கையைத் துவைத்து, உதிர்ந்த மயிரை அகற்றுங்கள். குழந்தையின் தோலில் வட்டம் கண்டால் டாக்டரிடம் போங்கள். அவர் சொன்ன நாள் முடியும் வரை மருந்தை நிறுத்தாதீர்கள். தாயத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு சோப்பு வாங்கலாம் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள் என்று கேட்டுக் கொண்டு, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறேன்.